காரின் டயர் விரைவில் தேய்வதேன்?

செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் பழைய செருப்பொன்றைக் கொடுத்தால், அவர் அதைப் புரட்டிப் பார்த்தே அணிந்தவருடைய நடை எத்தகையது என்று சொல்லிவிடுவார். குதிக்காற் பக்கம் வெளிப்புறமாகத் தேய்ந்திருந்தால் ஒருவகை நடை. பெருவிரற் பக்கம் தேய்ந்திருந்தால் வேறொரு வகை நடை. மோட்டார் வண்டியின் டயரும் அத்தகையதே. தான் தேய்வதற்குரிய காரணத்தை அது தன் முகத்திலேயே எழுதி வைக்கின்றது. நம்மிற் பலர் அந்த எழுத்தைப் படியாமலே பழைய டயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டிக்கொள்கிறோம். காரணமோ வண்டியிலேயே தங்கிவிடுகின்றது. புதிய டயரையும் அது தின்னத் தொடங்குகின்றது.

எனது மைத்துனருக்கு இவ்வாறு நேர்ந்தது. அவர் மானிப்பாயில் வசிப்பவர். மனைவி, இரு பிள்ளைகள், வயது முதிர்ந்த தாயார் ஆகியோரோடு அவர் ஏறிச் செல்லும் சிறிய கார் அது. முன்சில்லுகளால் இழுக்கப்படும் வகையைச் சேர்ந்தது. முன்சில்லுகள் இரண்டுக்கும் புதிய டயர் பூட்டி 9,000 கிலோமீற்றர் ஓடியிருந்த வேளையில் எல்லோரும் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள். இளைய மகனின் கையிலிருந்த கச்சான் பொட்டலம் நழுவி வண்டியின் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த சிறுவன், "அப்பா, டயருக்குள்ளை கம்பி தெரியுது" என்றான்.

மைத்துனர் அதை நம்பவில்லை. நின்று பார்ப்பவருக்கு அந்த டயர் புதிதுபோலவே தோன்றியது. வெளிப்புற வரிகள் நல்ல ஆழத்துடன் இருந்தன. ஸ்டியறிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, சில்லின் பின்புறமாகக் குனிந்து பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு இறப்பர் அடியோடு போய், உள்ளேயிருக்கும் உருக்குக் கம்பிகள் மினுங்கிக்கொண்டிருந்தன. மறுபக்கச் சில்லிலும் அதே நிலை. அந்த டயர்களை நம்பித்தான் ஐந்து உயிர்களை ஏற்றிக்கொண்டு ஏ 9 வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் அவர் வந்திருந்தார். மேலதிகச் சில்லு இருந்தது. ஆனால் ஒன்றுதானே இருந்தது. பயணத்தைக் கைவிட்டு, வண்டியை மெல்ல மெல்ல உருட்டிக் கிளிநொச்சிக்குத் திரும்பி, அங்கே வேறு இரண்டு டயர்களை வாங்கிப் பூட்டிக்கொண்டு ஊர் சேர்ந்தார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், தேய்ந்து போனவை இரண்டாம் சோடி டயர்கள். முதற் சோடியும் இவ்வாறே அழிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் மைத்துனர் சில்லுகளின் நேர்வரிசையைச் சரிபார்ப்பிக்கத் தவறவில்லை. 'வீல் அலைன்மென்ற்' என்று கராஜ்களிலே வழங்கும் வேலை இதுதான். இயந்திரத்திலே வைத்து அளந்து, அளவுகள் யாவும் பொருந்தியுள்ளன என்று அச்சிட்டுக் கொடுத்த கடதாசிகளும் அவருடைய பெட்டியில் பத்திரமாக இருந்தன. கடதாசி சரியென்கிறது, டயரோ பிழையென்கிறது. இரண்டில் எதை நம்புவது?

இதற்கு விடை காணுமுன், விரைவான தேய்வு என்று எதைச் சொல்வது என்பதைத் தெளிந்துகொள்வது நன்று. குடும்பக் கார் ஒன்றின் புதிய டயரிலுள்ள பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழமுடையது. அப்பள்ளத்தின் அடியைக் கூர்ந்து நோக்கினால், ஆங்காங்கே குறுக்காகச் சிறு இறப்பர்த் திட்டுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயரின் முகம் தேய்ந்து தேய்ந்து அத்திட்டுகளோடு சமமாகுமானால் டயரின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். ஆகவே நமது கையிருப்பு 6.4 மில்லிமீற்றர் மட்டுமே. ஒரு டயர் 40,000 கிலோமீற்றர் ஓடி இந்தக் கையிருப்பைச் செலவழித்தால், ஒரு மில்லிமீற்றருக்கு 6,000 கிலோமீற்றருக்குச் சற்று மேலாகிறது. இது நியாயமான செலவு. முன்சில்லால் இழுக்கப்படும் வண்டிகளில், இழுப்பதும் திரும்புவதும் பிரேக் போடும்போது பெரும்பாரத்தைத் தாங்குவதும் முன் டயர்களே. ஆதலால் அவை பின் டயர்களை முந்திக்கொண்டு தேய்வதை நோயென்று கருதவேண்டியதில்லை. 2,000 கிலோமீற்றருக்குள் ஒரு மில்லிமீற்றர் போய்விடுகிறதென்றால், அது நோய்தான்.

இதை அளப்பதற்கென்றே சிறிய அளவுகோல்கள் விற்பனைக்குண்டு. அது இல்லாதவர் ஒரு தீக்குச்சியைப் பள்ளத்துள் நிறுத்தி, நகத்தால் அடையாளமிட்டு, பிள்ளைகளின் அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தாலும் போதும். ஆனால் ஓரிடத்தில் மாத்திரம் அளப்பதாற் பயனில்லை. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களில் அளந்து, அன்றைய கிலோமீற்றர்க் கணக்கோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். மூன்று எண்களும் ஒத்திருந்தும் தேய்வு மிகையாயிருந்தால், ஓட்டும் முறையிலோ டயரின் தரத்திலோ காரணத்தைத் தேடலாம். எண்கள் வேறுபட்டால் காரணம் வண்டியிலோ காற்றிலோ இருக்கிறது.

காற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதுதான் செலவில்லாத மருந்து. காற்றுக் குறைந்த டயர் நடுவில் நிலத்தை அழுத்தமாகப் பற்றாது. இரு ஓரங்களிலும் பாரம் ஏறி, இரு ஓரங்களும் தேயும். காற்று மிகுந்தால் நடுப்பகுதி பருத்து நடுவே தேயும். ஆயினும் இக்காலத்து ரேடியல் டயர்களின் முகத்தின் கீழே உருக்குக் கம்பிப் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், இந்த நடுத்தேய்வு அக்காலத்து டயர்களிற்போல வெளிப்படையாகத் தெரிவதில்லை. எவ்வளவு காற்று அடிப்பது என்பது சாரதியின் கதவடியில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். சிறிய குடும்பக் கார்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 றாத்தல் வரை பெரும்பாலும் குறித்திருப்பார்கள். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிப்பது தவறு. அளப்பதும் வண்டி ஓடுவதற்கு முன்னரே செய்யத்தக்கது. ஓடிச் சூடேறிய டயரில் நான்கு றாத்தல்வரை அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. அதைக் கண்டு அஞ்சிக் காற்றைத் திறந்துவிடுவோர் மறுநாட் காலையில் காற்றுக் குறைந்த டயரோடு புறப்படுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் நாள்தோறும் வண்டி ஓட்டுவோரின் முன் டயர்கள் வெளியோரங்களில் விரைந்து தேயக்கூடும். வளைவுக்கு வளைவு வெளிப்பக்கத்துச் சில்லின் ஓரமே வண்டியின் பாரத்தைச் சுமப்பதுதான் காரணம். காற்றின் அளவு சரியாக இருந்தும் ஓரம் தேய்கிறதென்றால், மலைநாட்டவர் முதலில் வளைவில் தாம் செல்லும் வேகத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி, மைத்துனரின் காரைப் போல ஒரே ஓரம் தேயும் வகைக்கு வருவோம். குடும்பக் கார்களிலே டயர்களைக் கொல்லும் முதற் பகைவன் இதுவே. வண்டியின் மேலேயிருந்து நோக்கினால் இரு முன்சில்லுகளும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமாந்தரமாக நிற்கவேண்டும். அவற்றின் முன்பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கி அளவுக்கு மீறி ஒடுங்கியிருந்தால் வெளிவிளிம்புகள் தேயும்; அளவுக்கு மீறி விரிந்திருந்தால் உள்விளிம்புகள் தேயும். விரிவு எவ்வளவு இருந்தால் கேடு என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். 13 அங்குலச் சில்லுகளின் உலோக வளையங்களுக்கிடையே முன்புறத் தூரம் பின்புறத் தூரத்தைவிட 3 மில்லிமீற்றர் மாத்திரம் கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் அந்தக் கோணத்தில் ஒவ்வொரு சில்லும் ஒரு கிலோமீற்றர் உருள்வதற்குள் ஏறத்தாழ நாலரை மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அப்பயணம் முடிவதற்குள் ஒவ்வொரு முன் டயரும் 1,800 மீற்றர் தூரம் தார் வீதியிலே குறுக்காக உரைக்கப்பட்டிருக்கும். இவ்வாறு உரைத்தால் எந்த இறப்பர் தாங்கும்?

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க உள்ளங்கையே போதும். டயரின் முகத்தை வெளியிலிருந்து உள்ளாகவும், பின்னர் உள்ளிலிருந்து வெளியாகவும் தடவிப் பாருங்கள். கம்பி வெளிப்பட்டிருந்தால் கையை வைக்கவேண்டாம். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரத்தின் பல்லைப்போலக் கூராகவும் பட்டால் சில்லு பக்கவாட்டில் இழுபடுகிறது என்பது உறுதி. உள்ளிலிருந்து வெளியே தடவும்போது கூர் தட்டினால் சில்லுகள் ஒடுங்கி நிற்கின்றன. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது கூர் தட்டினால் விரிந்து நிற்கின்றன. ஓரம் தேய்ந்தும் கூர் எதுவும் கையில் தட்டாவிட்டால், சில்லு மேலிருந்து கீழாகச் சாய்ந்து நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் இந்தச் சாய்வைத் திருத்துவதற்கு வழி எதுவும் அமைத்திருப்பதில்லை. ஆகவே சாய்வு பிழைத்திருந்தால் அங்கே ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்பதே பொருள். பெரிய குழியொன்றில் விழுந்து எழுந்த வண்டிகளுக்கு இது நேர்வதுண்டு.

மைத்துனரின் டயரைத் தடவியபோது வெளியிலிருந்து உள்ளே போகையில் கூர் தட்டியது. சில்லுகள் விரிகின்றன. இயந்திரமோ விரியவில்லை என்கிறது. கடைசியில் யாழ்ப்பாணத்திலே சிறியதொரு கராஜ் வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போயிற்று. அவர் கடதாசிகளைப் பார்க்கவேயில்லை. "தம்பி, பிரேக் போடேக்கை வண்டி ஒரு பக்கம் இழுக்குதோ? மேடு பள்ளத்திலை 'டொக்' எண்டு சத்தம் கேக்குதோ?" என்று மாத்திரம் கேட்டார். இரண்டும் உண்டு. ஓராண்டாகவே உண்டு. வண்டி பழசானால் சத்தம் போடத்தானே செய்யும் என்று மைத்துனர் அதைப் பொருட்படுத்தாது விட்டிருந்தார்.

வண்டியை உயர்த்தியபின், சில்லைத் தாங்கி நிற்கும் கீழ்க்கையின் பின்மூட்டிலே சிறிய அலவாங்கொன்றை வைத்து அவர் நெம்பினார். கராஜ்களில் அந்தக் கையை 'லோவர் ஆம்' என்பர். கை அரை அங்குலம் முன்னும் பின்னும் போய் வந்தது. அந்த மூட்டிலே உலோகத்தோடு ஒட்டிய இறப்பர்க் குஷன் ஒன்று இருக்கும். 'புஷ்' என்பது அதன் பெயர். அது உலோகத்தை விட்டுக் கிழிந்து கிடந்தது. இப்போது புதிர் விடுபட்டது. இயந்திரத்தின்மேல் வண்டி அசையாமல் நிற்கும்போது சில்லு தன் இடத்திலேயே நிற்கிறது. அளவும் சரியாகவே வருகிறது. வீதியிலே பிரேக்கை அழுத்தியவுடன் வீதி சில்லைப் பின்னோக்கித் தள்ளுகிறது. கிழிந்த புஷ் அதைத் தடுக்க மாட்டாமல் விட்டுக்கொடுக்கிறது. சில்லின் முன்பக்கம் வெளியே விரிகிறது. பிரேக்கை விட்டால் மீண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே கடதாசியும் பொய் சொல்லவில்லை. டயரும் பொய் சொல்லவில்லை. ஒன்று நிற்கும் வண்டியைப் பற்றிச் சொன்னது. மற்றது ஓடும் வண்டியைப் பற்றிச் சொன்னது.

இத்தகைய புஷ்களிற் பெரும்பாலானவை, நமது களுத்துறை, கேகாலை மாவட்டங்களிலே மரத்தில் வெட்டி எடுக்கும் பாலுக்கு இனமான இயற்கை இறப்பரால் ஆனவை. அந்த இறப்பருக்கு ஓட்டக் கணக்கு மாத்திரமன்றி வயதும் உண்டு. வெப்பமும் கசியும் எண்ணெயும் அதை வெடிக்கச் செய்கின்றன. 2020ஆம் ஆண்டிலிருந்து 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நம் நாட்டில் தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. அதனாற் குடும்பங்கள் பழைய கார்களையே வைத்து ஓட்டவேண்டியதாயிற்று. 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின் இறக்குமதி டயர்களின் விலையும் பன்மடங்காயிற்று. பழைய புஷ்களும் விலை கூடிய டயர்களும் ஒரே காலத்தில் வந்து வாய்த்தன. டயரின் விலையோடு ஒப்பிட்டால் புஷ்ஷின் விலை அற்பம் என்பதை அறிந்திருந்தும், கண்ணுக்குத் தெரியும் டயரை மாற்றிவிட்டுத் தெரியாத புஷ்ஷை மறந்துவிடுகிறோம்.

புஷ்களை மாற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதை அந்த மெக்கானிக் வாயாற் சொல்லாமற் செய்து காட்டினார். புதிய புஷ்களைப் பூட்டிய பின், மூட்டின் ஆணிகளை அவர் முற்றாக இறுக்கவில்லை. வண்டியை இறக்கி, அதன் பாரம் முழுவதும் சில்லுகளில் ஏறிய பிறகே இறுக்கினார். சில்லுகள் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி நிலத்தில் நிற்கும் நேரமெல்லாம் புஷ்ஷின் இறப்பர் முறுக்குண்டே இருக்கும். சில மாதங்களில் மீண்டும் கிழியும். சில்லுகளின் நேர்வரிசையை அளப்பதும் இவையெல்லாம் முடிந்த பின்னரே. ஆட்டங்கண்ட மூட்டுகளின்மேல் செய்யும் அலைன்மென்ற், ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு போலத்தான். ஸ்டியறிங்கையும் சில்லையும் இணைக்கும் தண்டின் முனைகளும், பந்து மூட்டுகளும் இவ்வாறே முதலிற் பரிசோதிக்கத்தக்கவை.

வேறு சில எழுத்துகளும் டயரில் உண்டு. முகத்தைச் சுற்றிலும் ஒரு குழி, ஒரு மேடு, ஒரு குழி என்று அலைபோலத் தேய்ந்திருந்தால், சொக் அப்சோபர் தளர்ந்துவிட்டது அல்லது சில்லின் சமநிலை பிழைத்துவிட்டது. வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒரு முறை எழுந்து அடங்கவேண்டும். அது ஊஞ்சலாடினால் சொக் அப்சோபரை மாற்றவேண்டும். ஆடவில்லை என்பதற்காக அது நலமாயிருக்கிறது என்றும் முடிவு கட்டிவிட முடியாது. அதன் உடலில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஒரேயோர் இடத்தில் மாத்திரம் சப்பையாகத் தேய்ந்திருந்தால், திடீரென்று பிரேக் போட்டுச் சில்லு பூட்டுண்டு இழுபட்டிருக்கிறது.

மூன்று இடங்களிலும் சமமாக, ஆனால் விரைவாகத் தேயும் டயர் மென்மையான இறப்பரால் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். பல டயர்களின் பக்கத்தில் 'ட்ரெட்வெயர்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கூடக்கூட உழைப்பும் கூடுமென்று பொதுவாகக் கொள்ளலாம். வாங்கும்போது அதையும், நான்கு இலக்கங்களால் ஆன தயாரிப்புக் குறியையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு முதல் வழங்கும் இக்குறியில் முதலிரு இலக்கங்கள் வாரத்தையும் கடைசியிரு இலக்கங்கள் ஆண்டையும் காட்டும். 1523 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 15ஆவது வாரம். வெளிநாட்டில் ஓடிக் கழிக்கப்பட்டு இங்கே விலைக்கு வரும் டயர்களில் வரிகள் ஆழமாகத் தெரிந்தாலும், இந்த எண் வேறொரு கதையைச் சொல்லும்.

தேய்ந்த டயரை இன்னும் சில மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்று நினைப்போர் மழைக்காலத்தை மறக்கிறார்கள். டயரொன்று நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வீதியில் நீர் நின்றால் அதை வழித்து வெளியேற்றுவதற்குத்தான் அந்தப் பள்ளங்கள் இருக்கின்றன. பள்ளம் இல்லையேல் டயர் நீரின்மேல் மிதக்கும். அப்பொழுது பிரேக்கும் ஸ்டியறிங்கும் இருந்தும் இல்லாதவை. இரண்டு டயர்களை மாத்திரம் புதிதாக வாங்குவோர் அவற்றை முன்சில்லுகளுக்கே பூட்ட விரும்புவர். ஆனால் ஈர வீதியில் பின்சில்லுகள் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். சாதாரண சாரதியால் அதை மீட்பது அரிது. ஆகவே நல்ல டயர்கள் பின்னுக்கே உரியவை.

மைத்துனரின் கார் புஷ் மாற்றியபின் இதுவரை 12,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. கிளிநொச்சியில் வாங்கிய டயர்களின் உள்விளிம்புகளும் அதற்குள் பழுதாகிவிட்டமையால், புஷ் மாற்றிய அன்றே மீண்டும் புதியவை வாங்க நேர்ந்தது. வீட்டுக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்போது மூன்று நிரல்கள் இருக்கின்றன. கடைசி வரியில் உள் 6, நடு 6, வெளி 6 என்று எழுதியிருக்கிறது. தீக்குச்சியும் அடிமட்டமும் கொண்டு அளப்பது இளைய மகனின் பொறுப்பு. ஸ்டியறிங்கைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமே தகப்பனாரின் வேலை.